தகவல் கிடைத்தது!

போன வாரம் ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்கு, ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று தெரிந்துகொண்டேன்.

தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்காதீர்கள். நானா போய்க் கேட்டேன்? அதுவாக வந்தது. அலாரம் வைத்துவிட்டுப் படுக்கலாம் என்று செல்லை எடுத்தேன். அலாரத்துக்குப் போகிற வழியில் ஆக்டோபஸ் குறுக்கே வந்தது. அதன் பின்னாலேயே பின்லாந்து வந்தது (அங்கே பிள்ளைகளை ஏழு வயதில்தான் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கிறார்களாம்). பின்லாந்துக்குப் பின்னால் ஒரு டாக்டர் வந்து வெந்தயத்தின் பெருமைகளை விளக்கினார். எல்லோரையும் வழியனுப்பிவிட்டு நான் தூங்கும்போது பன்னிரண்டேகால். அலாரம் மட்டும் வைக்கவில்லை.

விளைவு, மறுநாள் ஏழே முக்காலுக்கு எழுந்து பையனைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிற யுத்தம்.

"இன்னிக்கு பச்சைச் சட்டையா, மஞ்சள் சட்டையா?" என்றாள் மனைவி.

"எனக்கெப்படித் தெரியும்?"

"ஸ்கூல் குரூப்ல வந்திருக்குமே! ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்னு தெரியுது, பெத்த பிள்ளைக்கு என்ன கலர் சட்டைன்னு தெரியலையா?"

திறந்தேன். 42 செய்திகள். டீச்சர் போட்டது என்னவோ ஒரே வரிதான். அந்த வரியின் தலைமேல் தாய்மார்கள் மாநாடு நடந்து முடிந்திருந்தது. 'பச்சை என்றால் கிளிப்பச்சையா, பாட்டில் பச்சையா?' 'பச்சையில் வெள்ளைக் கட்டம் இருந்தால் ஒப்புக்கொள்வார்களா?' 'எங்கள் வீட்டில் மஞ்சள்தான் இருக்கிறது, என்ன செய்வது?' அவசரத்தில் என் கண்ணில் பட்டது அந்தக் கடைசி மஞ்சள். பையன் மஞ்சளில் போனான். வகுப்பில் முப்பது கிளிகளுக்கு நடுவே ஒரே ஒரு மாம்பழமாக நின்றானாம். போட்டோகூட வந்தது. அதற்கு வேறு 27 பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

இதைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். இரண்டு மாதம் முன்பு ஒன்று நடந்தது, அதைச் சிரித்துவிட்டு விட முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் கணக்கு.

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் எண்ணாமல் விடமாட்டான். போன மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை ஆறிலிருந்து ராத்திரி பத்து வரை என் செல்லுக்கு வந்ததையெல்லாம் பழைய டைரி ஒன்றில் கோடு போட்டு எண்ணினேன். கடையில் வருஷக் கடைசியில் ஸ்டாக் எடுப்பார்களே, அந்த மாதிரி. மொத்தம் 431 உருப்படி.

காலை வணக்கம் 64. (ரோஜாப்பூ, காபிக் கோப்பை, சூரிய உதயம், முருகன். ஒரே முருகன் நாலு குரூப்பில் நாலு தடவை காட்சி கொடுத்தார்.) வாழ்த்து, வாழ்த்துக்கு நன்றி, நன்றிக்குக் கும்பிடு எல்லாம் சேர்த்து 118. வைத்தியக் குறிப்பு 23. கடன், கிரெடிட் கார்டு, 'பத்தே நிமிடத்தில் ரயில் நிலையம்' மனைகள் என்று 31. வீடியோ 49. பள்ளிக்கூடம் 38. குடியிருப்போர் சங்கம் 101. அன்றைய விவாதப் பொருள் இரண்டாவது மாடி நாய். பேங்க்கும் ஓ.டி.பி.யும் 6.

ஆக 430. பாக்கி ஒன்றுதான் எனக்கே எனக்கென்று ஒருவர் எழுதியது. எழுதியவள் என் மனைவி. அடுக்களையிலிருந்து ஹாலுக்குப் பன்னிரண்டடி. 'தோசை ஆறுது.'

மற்ற 430-ஐப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை. தோசை ஆறிப்போயிற்று.

இது என் ஒருவன் வீட்டுக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியர்களின் செல்போன்கள் ஏன் இப்படி அடிக்கடி உறைந்து நிற்கின்றன என்று கூகுள்காரர்களே மண்டையை உடைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்து பார்த்தார்களாம். காரணம், லட்சக்கணக்கில் பறக்கும் 'குட்மார்னிங்' படங்கள் இடத்தை அடைத்துக்கொள்வது! 2018-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதைச் செய்தியாகவே போட்டது. போனுக்கு இடம் போதவில்லை என்றால் அது உறைந்து நின்று காட்டுகிறது. நமக்கு அந்த வசதி இல்லை.

அந்த 23 வைத்தியக் குறிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் அமிர்தம் என்று காலையில் பெரியம்மா அனுப்பினார். மத்தியானம் மாமா அனுப்பியதில் அது விஷம். இரண்டுக்கும் 'உடனே பகிரவும்.' விஷம் என்று சொன்னவர் சாதாரண ஆளும் இல்லை. 2018-ல் ஜெர்மனியில் ஹார்வர்டு பேராசிரியை ஒருவர் அப்படி ஒரு கூட்டத்தில் பேசியது உண்மைதான். அதற்கு மறுப்புகள் வந்ததும் உண்மைதான். நடுவில் மாட்டிக்கொண்ட நான் என்ன செய்தேன்? வழக்கம்போல் அவியலில் ஒரு கரண்டி ஊற்றிச் சாப்பிட்டேன். இருபத்து மூன்று குறிப்பு படித்தும் என் சமையலறையில் ஒரு கரண்டிகூட இடம் மாறவில்லை என்பதைக் கவனிக்கவும்.

குக்கர் விஷயமும் அப்படித்தான். ஐந்து லிட்டர் குக்கர் வாங்க வேண்டியிருந்தது. வாங்கினவர்கள் எழுதின அபிப்பிராயங்களை மூன்று வாரம் படித்தேன். விசில், பிடி, அடிக்கனம், கேஸ்கட் எல்லாவற்றிலும் டாக்டர் பட்டம் வாங்குகிற அளவுக்குத் தேறினேன். குக்கர் மட்டும் வந்தபாடில்லை. அமெரிக்காவில் ஒரு கடையில் 24 வகை ஜாமை ருசி பார்க்க வைத்தால் பார்த்தவர்களில் 100-க்கு 3 பேர்தான் வாங்கினார்கள், 6 வகை மட்டும் வைத்தபோது 30 பேர் வாங்கினார்கள் என்று ஷீனா அய்யங்கார், மார்க் லெப்பர் என்ற இருவர் 2000-ல் எழுதியிருக்கிறார்கள். (இதையும் குக்கர் தேடுகிற வழியில்தான் படித்தேன்!) நாலாவது வாரம் மனைவி தெருமுனைப் பாத்திரக் கடைக்குப் போய், "நல்லதா ஒண்ணு கொடுங்க" என்று கேட்டு, பத்து நிமிஷத்தில் வாங்கி வந்துவிட்டாள். நன்றாகத்தான் விசில் அடிக்கிறது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஹெர்பர்ட் சைமன் என்று ஓர் அமெரிக்கப் பேராசிரியர். 1978-ல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கியவர். எங்கள் பி.காம். மேனேஜ்மென்ட் பாடத்தில் 'முடிவெடுத்தல்' அத்தியாயத்தில் வருவார். ஐந்து மார்க்குக்கு மேல் அவரை நான் மதித்ததில்லை. செல்போன் என்பது கற்பனையில்கூட இல்லாத 1971-ல் அவர் ஒன்று சொல்லியிருக்கிறார். தகவலுக்கும் தீனி உண்டு. அது தின்பது, வாங்குகிறவனின் கவனத்தை. ஆகவே தகவல் பெருத்தால் கவனத்தில் பஞ்சம் வரும்.

லாரி ஆபீஸ் பாஷையில் சொன்னால் இன்னும் சுலபமாகப் புரியும். பார்சலில் இரண்டு தினுசு. அனுப்புகிறவர் கூலி கட்டினால் 'பெய்டு'. வாங்குகிறவர் கட்டினால் 'டு-பே'. அந்தக் காலத்தில் செய்தி என்றால் அனுப்புகிறவன் தலையில்தான் செலவு. இன்று அவனுக்குக் காலணா செலவில்லை. 63 பேருக்கு அனுப்பினாலும் ஒரே தட்டுதான். கூலியெல்லாம் நம் தலையில். காலை எழுந்தால் வாசல் நிறைய டு-பே பார்சல்!

அனுப்புகிறவர் கையும் கொஞ்சம் வலிக்க வேண்டும் என்று வாட்ஸ்அப் கம்பெனிக்கே தோன்றியிருக்கிறது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று புரளி பரவி, ஊருக்கு ஊர் அப்பாவிகளை அடித்துக் கொன்றார்களே, அதற்குப் பிறகு 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடத்துக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாது என்று இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். எங்கள் மாமா அசரவில்லை. ஐந்தைந்தாகப் பிரித்து அனுப்புகிறார். ரிட்டயர் ஆனவர், நேரம் இருக்கிறது.

என் அப்பாவும் ரிட்டயர் ஆனவர்தான். ஆனால் அவர் வேறு ஜாதி. தந்தி ஆபீஸ்காரர்.

1976-ல் மாயவரத்தில் சேர்ந்தார். (மயிலாடுதுறை என்று பெயர் மாற்றி எத்தனையோ வருஷம் ஆனாலும் எங்களுக்கு மாயவரம்தான்.) மோர்ஸ் 'கட்டுக் கட' சத்தத்தில் ஆரம்பித்து, டெலிபிரிண்டர் பார்த்து, கம்ப்யூட்டர் பார்த்து, பி.எஸ்.என்.எல். ஆன பிறகு 2014-ல் ஓய்வு பெற்றார். அதற்கு முந்தின வருஷம், 2013 ஜூலையில், நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஓடிய தந்தி சர்வீஸையே மூடிவிட்டார்கள்.

தந்தியில் வார்த்தைக்குக் காசு. கவுண்டரில் நிற்கிற ஏழைபாழைகளுக்கு வார்த்தை குறைத்துக் கொடுப்பது அப்பாவுக்கு ஒரு தர்மம் மாதிரி. 'ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இமிடியட்லி' என்று எழுதிக்கொண்டு வந்தால், "ஃபாதர் சீரியஸ்னு பார்த்தாலே பிள்ளை கிளம்பிடுவான்யா, இமிடியட்லி எதுக்கு?" என்று ஒரு வார்த்தையை அடித்து, காசை மிச்சம் பிடித்துக் கொடுப்பார். சாவுச் செய்தி என்றால் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அது முதலில் போகும். வாழ்த்துத் தந்திக்கு இன்னும் சிக்கனம்: ஒவ்வொரு வாழ்த்து வாசகத்துக்கும் ஒரு நம்பர். கல்யாணத்துக்கு எட்டு. கவுண்டரில் எட்டு என்று சொன்னால் போதும், அந்தப் பக்கம் 'நீடூழி வாழ்க' ரீதியில் முழு வாசகமாகப் போய்ச் சேரும். காலை வணக்கத்துக்கு அப்படி ஒரு நம்பர் வைத்திருந்தால் கூகுள்காரர்களுக்குத் தலைவலி மிச்சமாகியிருக்கும்!

இந்த மனிதரைத்தான், "அப்பா, நீங்களும் குடும்ப குரூப்புக்கு வாங்க" என்று நான் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தேன். மொத்தம் 63 உருப்படி இருக்கிற குரூப். சேர்ந்து ஒரு வருஷத்தில் அவர் போட்ட செய்திகள் மொத்தம் நாலோ ஐந்தோ. எல்லாம் தந்திதான். 'ஊர் வந்தேன். நலம்.' 'மழை. மின்சாரம் இல்லை. கவலை வேண்டாம்.'

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு மாதம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, பெங்களூரில் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று நாற்பதுக்கு. அம்மா பிரசவத்துக்காக ஒரு மாதமாக அங்கேதான் இருந்தார். அப்பா ஊரில் தனி. மாப்பிள்ளை குழந்தை போட்டோவைக் குரூப்பில் போட்டதுதான் தாமதம், மடை திறந்துவிட்டது. வாழ்த்து, மாலை, பலூன், கைதட்டு, தொட்டில். மகாலட்சுமி மட்டும் ஒன்பது தினுசு. மூக்கு யார் ஜாடை என்று தனியாக ஒரு பட்டிமன்றம்.

தாய்மாமன் என்ற முறையில் எனக்கு ஒரு பொறுப்பு இருக்கிறதல்லவா? வாழ்த்தியவர்கள் ஒருத்தரையும் விட்டுவிடக் கூடாது என்று, வரிசையாக ஒவ்வொரு செய்தியின் மேலும் ஒரு கட்டைவிரல் உயர்த்திக்கொண்டே போனேன். டப், டப், டப் என்று. தபால் ஆபீஸில் முத்திரை குத்துவார்களே, அந்த வேகம்.

புதன்கிழமையும் அதே கும்மாளம்தான். பெயர் வைக்கிற யோசனைகளே நாற்பது இருக்கும்.

வியாழக்கிழமை காலையிலிருந்து மூன்று பேர் எனக்குக் கடன் கொடுக்கத் துடித்துக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாத நம்பர் என்றால் கட் செய்துவிடுவது என் பழக்கம். பதினொன்றரை வாக்கில் ஒரு புது நம்பர். கட். மறுபடியும் அதே நம்பர். கட். மூன்றாவது தடவை எடுத்துக் கத்தினேன். "எனக்கு லோன் வேண்டாம்யா!"

"எனக்கு வேணும் சார். ஆனா அதுக்காகக் கூப்பிடலை" என்றது ஒரு குரல். "மாயவரத்திலேர்ந்து ஆட்டோ டிரைவர் பேசறேன். உங்க அப்பாவைக் கண்ணாஸ்பத்திரியில கொண்டாந்து விட்டது நான்தான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"பயப்படாதீங்க சார். கண்புரை ஆபரேஷன்தான். நல்லபடியா முடிஞ்சிடுச்சு. காலையில எட்டு மணிக்கே வந்துட்டார். துணைக்கு ஆள் இல்லாம உள்ளே விடமாட்டேன்னாங்க. பையன் வர்றான், தகவல் கிடைச்சுடுச்சு, வந்துக்கிட்டே இருப்பான்னு வாசல் பெஞ்சுலயே உட்கார்ந்திருந்தார். நான் ரெண்டு சவாரி அடிச்சிட்டு அந்தப் பக்கமா வந்தா அப்பவும் அங்கேயே உட்கார்ந்திருக்கார் சார். பேர் கூப்பிட்டு, கூப்பிட்டு, லிஸ்ட்ல கடைசிக்குத் தள்ளிட்டாங்க. அப்புறம் நானே கையெழுத்துப் போட்டுட்டேன். உறவு என்னன்னு ஒரு கட்டம் இருந்துது. மகன்னு போட்டிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க."

கிளாம்பாக்கம் போய் பஸ் ஏறும்போது மணி ஒன்றரை. ஜன்னலோரம் உட்கார்ந்து குரூப்பைத் திறந்து மேலே போனேன். போனேன், போனேன், செங்கல்பட்டு தாண்டியும் போய்க்கொண்டிருந்தேன். சரக்கு இருப்புக் கணக்கில் 'ஃபிஃபோ', 'லிஃபோ' என்று இரண்டு முறை சொல்லிக்கொடுப்பார்கள். முதலில் வந்தது முதலில் போனால் ஃபிஃபோ. கடைசியில் வந்தது முதலில் போனால் லிஃபோ. அதில் பழைய சரக்கு அடியிலேயே கிடந்து மக்கும். நம் நாட்டுக் கணக்குத் தரத்தில் லிஃபோவுக்கு இடமில்லை. செல்போனில் அது மட்டும்தான் இருக்கிறது.

திண்டிவனத்துக்குக் கொஞ்சம் முன்னால் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை, மாலை 4.10. மேலே ஒரு மகாலட்சுமி, கீழே ஒரு பலூன். நடுவில் அப்பா.

'வியாழன் காலை வலது கண் ஆபரேஷன். துணைக்கு ஒருவர் தேவை. வரவும்.'

அதற்குப் பதினொரு கட்டைவிரல், ஆறு கும்பிடு, இரண்டு இதயம். மைத்துனன் பையன் ஒருத்தன் 'வாழ்த்துக்கள் தாத்தா' என்று எழுதியிருந்தான். அடுத்தாற்போல் மாமா, பொன்னாங்கண்ணிக் கீரை சாப்பிட்டால் பகலில் நட்சத்திரம் தெரியும் என்று ஃபார்வர்ட் செய்திருந்தார். அதாவது, 'கண்' வரையில் அவர் படித்திருக்கிறார்.

கட்டைவிரல் வைத்தவர்கள் யார் யார் என்று அழுத்திப் பார்த்தேன். மூன்றாவது பெயர் என்னுடையது.

அதற்கப்புறம் சிதம்பரம் வரையில் நான் செல்லைத் தொடவில்லை. அது பையில் கிடந்து 'டிங்' 'டிங்' என்று அடித்துக்கொண்டே வந்தது.

வீட்டுக்குப் போகும்போது ராத்திரி எட்டரை. அப்பா கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, சினிமா டைரக்டர் மாதிரி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ரேடியோ.

"வாப்பா. சாப்பிட்டியா?"

"அப்பா, நான் பார்க்கவே இல்லப்பா. படிக்காமலே கட்டைவிரலைத் தட்டிட்டேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"படிக்காம எப்படிப்பா அக்னாலெட்ஜ் பண்ணுவாங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். 38 வருஷ சர்வீஸில் அவர் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தந்தி கொண்டுபோய்க் கொடுத்தால் ரசீதில் கையெழுத்து. கையெழுத்து இருந்தால் ஆள் வாங்கிவிட்டான், படித்துவிட்டான், கிளம்பிவிட்டான். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த உலகம். பதினொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதில் பிள்ளையும் இருக்கிறான். பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்காமல் வேறென்ன செய்வார்?

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேப்பா."

"குழந்தை பிறந்த நேரத்துல எல்லாருக்கும் தனித்தனியா போன் பண்ணி ஆபரேஷன்னு சொல்றதான்னு பார்த்தேன். அறுபத்து மூணு பேர் இருக்கிற இடம். ஒரு தடவை சொன்னா போதுமேன்னு நினைச்சேன்" என்றார். பிறகு சிரித்தார். "ஆட்டோக்காரத் தம்பி நல்ல பையன். மீட்டருக்கு மேல வாங்க மாட்டேங்கறான்."

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் 'உடன் வந்தவர்: மகன்' என்று இருந்தது. அதற்கு நேரே நான் முன்பின் பார்த்திராத ஒரு கையெழுத்து. கொஞ்சம் கோணலாக.

நாலு நாள் இருந்து சொட்டு மருந்து ஊற்றினேன். தினம் ஆறு வேளை. ஊற்றிவிட்டு ஐந்து நிமிஷம் அவர் கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிஷத்தில் என் கை தன்னால் சட்டைப் பைக்குப் போகும். போகும்போது பிடித்துக்கொள்வேன். எல்லா வேளையும் பிடித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

சென்னைக்குத் திரும்பி வந்ததும் வீராவேசமாக ஒன்பது குரூப்பிலிருந்து விலகினேன். தேவையில்லாத விளம்பரத் தொல்லைகளை நிறுத்த 1909-க்குச் செய்தி அனுப்பிப் பதிந்துகொண்டேன். மறுநாளே இரண்டு அத்தைகள் போன். "நாங்க என்னப்பா தப்புப் பண்ணினோம்?" பத்து நாள் போயிற்று. ஒரு காலை உடம்பெல்லாம் சோப்போடு குழாயைத் திருகினால் காற்று வருகிறது. மோட்டார் ரிப்பேர், எட்டு மணிக்குத் தண்ணீர் நின்றுவிடும் என்று சங்கத்தின் குரூப்பில் முந்தின ராத்திரியே போட்டார்களாம். தலையைத் துவட்டிக்கொண்டு முதல் வேலையாக அதில் மறுபடி சேர்ந்தேன். நாய் விவகாரம் இன்னும் முடியவில்லை. திங்கட்கிழமை எண்ணினேன் என்று சொன்னேனே, அது இதற்கெல்லாம் அப்புறம்தான். ஒன்பது குரூப்பை விட்டும் 431!

முந்தாநாள் சாயங்காலம் வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டு, "சார், உங்களுக்கு லெட்டர்" என்றார். அவருக்கே ஆச்சரியம். போஸ்ட் கார்டு. அப்பாவின் முத்து முத்தான கையெழுத்து. வலது கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது என்று அதிலிருந்தே தெரிந்தது. போட்ட தேதியைப் பார்த்தேன், வந்து சேர நாலு நாள் ஆகியிருந்தது.

'14ஆம் தேதி இடது கண். வரவும். கட்டைவிரல் ஏற்கப்படாது. பதில் தபாலில் எழுதவும்.'

மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டு, ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். நான் 13ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டு, போஸ்ட் கார்டு வாங்கக் கிளம்பினேன். தபால் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று செல்லை எடுத்துத் தேடப் போனேன்.

"அதை இங்க வை" என்றாள். "வலது பக்கம் திரும்பினா ரெண்டாவது தெரு."